32 வருஷம் ஓடிய போர்க்கப்பலை ஏன் நிறுத்திவிடுகிறார்கள்?

நாகை விசைப்படகு:

வணக்கம். கடற்படையில் இருந்தவர்கள், கப்பல் வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள்.

2023 ஜூலையில் தமிழ்நாட்டுப் படகுகள் மூன்று, 36 பேரோடு வங்கக் கடலில் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கும். கரையிலிருந்து சுமார் 130 கடல் மைல். டீசல் போதவில்லை, சாப்பாட்டுச் சாமான் குறைவு, என்ஜின் கோளாறு, காற்றும் கடலும் மோசம். ரோந்தில் இருந்த ஐ.என்.எஸ். கஞ்சர் அவர்களைப் பார்த்து, மூன்று படகையும் கட்டி 30 மணி நேரத்துக்கு மேல் இழுத்து, ஜூலை 28 அன்று சென்னைத் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்தது. கடலில் தொழில் செய்கிற குடும்பம் எங்களுடையது. அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லோரும் பேசியது இதைத்தான்.

அப்புறம் அந்தக் கப்பலைப் பற்றித் தேடிப் படித்தேன். கஞ்சர் 1991இல் பணியில் சேர்ந்திருக்கிறது. அதே வகையில் மூத்தது ஐ.என்.எஸ். குக்ரி. 1989 ஆகஸ்ட் 23இல் சேர்ந்து, 2021 டிசம்பர் 23இல் விசாகப்பட்டினத்தில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இன்னொன்று ஐ.என்.எஸ். கிர்பான். 1990 ஜனவரியில் சேர்ந்தது, 2023 ஜூலையில் வியட்நாமுக்குக் கொடுத்தாகிவிட்டது. இரண்டுமே 32, 33 வருஷத்துக் கணக்கு.

எனக்குப் புரியாதது இதுதான். எங்கள் இரும்புப் படகில் தகடு தேய்ந்தால் அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து ஓட்டுகிறோம். என்ஜின் போனால் வேறு என்ஜின். கடற்படையிடம் இல்லாத வசதியா? ஓடுகிற கப்பலை ஏன் நிறுத்த வேண்டும்? ஒரு சின்னப் போர்க்கப்பலில் முதலில் பழசாவது எது? ஓய்வுக்கு அப்புறம் அதை என்ன செய்வார்கள்?

---

முன்னாள் ஈ.ஆர்.ஏ., தூத்துக்குடி:

தம்பி, நல்ல கேள்வி. நான் கடற்படையில் இன்ஜின் ரூம் ஆர்டிஃபைசராக, அதாவது என்ஜின்களைப் பார்த்துக்கொள்கிற தொழில்நுட்ப மாலுமியாக இருந்தவன். லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் படிப்பு, அப்புறம் பெரும்பாலும் சின்னக் கப்பல்கள். எந்தக் கப்பல், எந்த வருஷம் என்பதை எழுதவில்லை. கீழே என்ஜின் ரூமில் இருந்தவனுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குக்ரி வகை 91 மீட்டர் நீளம், எல்லாம் ஏற்றினால் 1,350 டன் அளவு. கார்வெட் என்பார்கள். உள்ளே இரண்டு பீல்ஸ்டிக் டீசல், ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர், பிஸ்டன் விட்டம் 28 சென்டிமீட்டர். பிரெஞ்சு வடிவமைப்பு, உரிமம் வாங்கி நம் நாட்டில் கிர்லோஸ்கர் தயாரித்தது. மேலே முன்பக்கம் 76 மில்லிமீட்டர் பீரங்கி, நான்கு பெரிய ஏவுகணை, பின்னால் ஒரு சேத்தக் ஹெலிகாப்டர் இறங்க இடம். குக்ரியும் குத்தாரும் மும்பை மசகான் டாக்கில் கட்டியவை, கிர்பானும் கஞ்சரும் கொல்கத்தாவில் கார்டன் ரீச்சில் கட்டியவை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். முதலில் பழசாவது இரும்பு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வெளியிலிருந்து பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிர்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். 33 வயதில், 2023 ஜூன் கடைசியில் விசாகப்பட்டினத்திலிருந்து கிளம்பித் தன் என்ஜினில் தானே ஓடி வியட்நாமின் காம் ரான் போய்ச் சேர்ந்தது. ஜூலை 22இல் அங்கேதான் நம் கொடியை இறக்கி, ஆயுதத்தோடு, ஓடுகிற நிலையில் ஒப்படைத்தார்கள். முழுசாக இயங்கும் கார்வெட் ஒன்றை இந்தியா நட்பு நாட்டுக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. உடம்பு போன கப்பல் அத்தனை தூரம் போகுமா?

முதலில் பழசாவது ஆயுதம். குக்ரி வகையில் வைத்தது பி-20 ஏவுகணை, ரஷ்ய ஸ்டிக்ஸ் குடும்பம். 1971இல் கராச்சிக்கு முன்னால் நம் ஏவுகணைப் படகுகள் அடித்ததும் அந்தக் குடும்பத்து ஏவுகணைதான். அந்தக் காலத்தில் அதற்கு நிகர் கிடையாது. ஆனால் ஒன்றின் எடை இரண்டு டன்னுக்கு மேல், திரவ எரிபொருள், 80 கிலோமீட்டர் தூரம். 1,350 டன் கப்பலில் நான்குக்கு மேல் ஏற்ற முடியாது. அடுத்து வந்த கோரா வகையைப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே உடம்பு, 1998இல் சேர்ந்தது. அதில் யுரான் ஏவுகணை, ஒன்று அரை டன் சொச்சம்தான். நான்கு இருந்த இடத்தில் பதினாறு வந்துவிட்டது, தூரமும் கூட. குக்ரி சேர்ந்து பத்து வருஷம் ஆவதற்குள் அதன் ஆயுதம் ஒரு தலைமுறை பின்தங்கிவிட்டது. மீதி இருபது வருஷத்துக்கு மேல் அதை வைத்துக்கொண்டுதான் ஓடியது.

புது ஏவுகணையை இதிலேயே பொருத்தினால் என்ன என்று கேட்பீர்கள். ஏவுகணை மட்டும் மாற்றினால் போதாது. ரேடார், கன்ட்ரோல் கன்சோல், கேபிள், கரன்ட், அந்தக் கன்சோலைக் குளிர்விக்க ஏ.சி., ஏ.சி.க்குக் கூடுதல் ஜெனரேட்டர் என்று ஒன்றின் பின் ஒன்றாக வரும். செய்ய முடியாத வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செலவையும் ரீஃபிட்டில், அதாவது கப்பலை நிறுத்திச் செய்கிற பெரிய பராமரிப்பு வேலையில் போகிற வருஷங்களையும் கணக்குப் போட்டால், இன்னும் பத்து வருஷமே ஓடப்போகிற கப்பலுக்குச் செய்யலாமா என்ற கேள்வி வந்துவிடும்.

அடுத்தது எடை. இதை யாரும் பேசுவதில்லை, ஆனால் சின்னக் கப்பலுக்கு இது பெரிய விஷயம். வருஷா வருஷம் பெயின்ட் மேல் பெயின்ட் ஏறும். பழைய சாதனத்தைக் கழற்றுவார்கள், அதற்கு ஓடிய கேபிள் சுவருக்குள்ளேயே கிடக்கும். புதிதாக ஒரு ஆன்டெனா வைத்தால் அது பாய்மர உச்சியில்தான் போகும். எடை ஏறுவது ஒரு பக்கம், அது உயரத்தில் ஏறுவது இன்னொரு பக்கம். பெரிய ரீஃபிட் முடிந்ததும் சாய்வுச் சோதனை செய்வார்கள். அமைதியான தண்ணீரில் கப்பலை நிறுத்தி, எடை தெரிந்த இரும்புக் கட்டிகளை டெக்கில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்துவார்கள். உள்ளே நீளக் கம்பியில் ஒரு குண்டு தொங்கும். அது எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று அளந்து கப்பலின் ஈர்ப்பு மையத்தைக் கணக்குப் போடுவார்கள். அந்த நேரத்தில் கப்பலில் யாரும் இஷ்டத்துக்கு நடக்கக்கூடாது. பெரிய கப்பலுக்கு இருபது டன் ஏறினால் தெரியாது. இதற்குத் தெரியும். மழைக்காலத்து வங்கக் கடலில் நன்றாகவே தெரியும்.

மூன்றாவது உதிரி பாகம். என்ஜின் நல்ல என்ஜின், நான் கையால் பிரித்துக் கோத்தவன், அதன் மேல் எனக்குக் குறையே இல்லை. ஆனால் முப்பது வருஷத்தில் அதோடு வந்த பம்பு, வால்வு, என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர், கேஜ் இதையெல்லாம் செய்த பட்டறைகளில் பாதி அந்த மாடலையே நிறுத்தியிருக்கும். ஒரு சின்ன சீல் கிடைக்கவில்லை என்று ஒரு பம்பு நிற்கும், பம்பு நிற்பதால் ஒரு ஜெனரேட்டர் நிற்கும். கடைசி வருஷங்களில் ஒரு கப்பலில் கழற்றி இன்னொன்றில் மாட்டித்தான் பயணத்துக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்.

இரும்பு நான்காவதாகத்தான் வருகிறது. அதிலும் வெளிப்பக்கம் கெடுவது குறைவு. ரீஃபிட்டுக்கு டாக்கில் ஏற்றும்போது கொட்டலசு, பாசி எல்லாம் சுரண்டி, இரும்பு அரிக்காமல் காக்கிற துத்தநாகக் கட்டிகளை மாற்றி, பெயின்ட் அடித்து வெளிப்பக்கத்தைப் புதிதாக்கிவிடுவார்கள். கெடுவது உட்பக்கம், பில்ஜ் என்கிற கப்பலின் உள் அடிப்பகுதியில். என்ஜினுக்கு அடியில், குளியலறைக்குக் கீழே, சமையலறைத் தண்ணீர் ஒழுகுகிற மூலையில், நங்கூரச் சங்கிலி ஈரத்தோடு வந்து விழுகிற அறையில்.

ஒரு தடவை, நடுக்கடலில், நள்ளிரவிலிருந்து காலை நான்கு வரைக்குமான வாட்ச். பில்ஜில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த பையன் என்னைக் கூப்பிட்டான். டார்ச் அடித்துப் பார்த்தால் தகட்டில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம். துடைத்தோம், மறுபடி வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. மேலே இருந்து ஒழுகுகிற நன்னீராக இருக்குமோ என்ற சந்தேகம் அதோடு போயிற்று. அந்த இடத்தைச் சுத்தியால் தட்டிப் பார்க்கக் கூடாது, தட்டினால் ஓட்டையாகிவிடும். ரப்பர் துண்டும் மரப் பலகையும் வைத்து அழுத்தி முட்டுக் கொடுத்தோம். அதைச் சுற்றி மரத்தில் ஒரு பெட்டி அடித்து, கசிகிற தண்ணீர் வெளியே வர ஒரு சின்னக் குழாய் விட்டு, சீக்கிரம் இறுக சலவை சோடா கலந்து சிமென்ட் ஊற்றினோம். சிமென்ட் இறுகினதும் குழாயை அடைத்தாகிவிட்டது. துறைமுகம் வரும்வரை அது ஒரு சொட்டுக்கூட விடவில்லை. அந்தப் பையன் வாட்ச் முடிந்தும் படுக்கப் போகாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நான் போகச் சொல்லவில்லை.

உங்கள் படகில் மாதிரி அந்தத் தகட்டை வெட்டி மாற்றலாமே என்றால், மாற்றத்தான் மாற்றினார்கள். ஆனால் அதற்கு மேலே ஒரு பம்பு, பம்புக்கு மேலே மூன்று குழாய், குழாய்க்கு மேலே கேபிள் கட்டு, பக்கத்தில் என்ஜின் உட்காருகிற பீடம். இவ்வளவையும் எடுத்தால்தான் வெல்டருக்குக் கை போகும். பீடத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் சூடு பட்டால் ஷாஃப்ட் நேர்கோட்டைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். ஒரு அடித் தகடு மாற்ற மாதக் கணக்கில் ஆகும். வயது ஏற ஏற இப்படி இடங்கள் கூடிக்கொண்டே போகும்.

குக்ரி கணக்கைப் பாருங்கள். 32 வருஷத்தில் 6,44,897 கடல் மைலுக்கு மேல் ஓடியிருக்கிறது. 28 பேர் கமாண்டிங் ஆபீசராக இருந்திருக்கிறார்கள். வருஷத்துக்கு 20,000 கடல் மைல் சொச்சம் வருகிறது. 12 நாட், அதாவது மணிக்கு 12 கடல் மைல் வேகம் என்று வைத்துக்கொண்டால் ராப்பகலாக 70 நாள் ஓட்டம். எல்லா ரீஃபிட்டையும், டாக்கில் ஏறி நின்ற மாதங்களையும் சேர்த்து வருகிற சராசரி இது, அதனால் ஓடிய வருஷங்களில் இதைவிட நிறையவே ஓடியிருக்கும். இத்தனைக்கும் பெரும்பகுதி ரோந்து, பயிற்சி, உங்கள் ஆட்களை இழுத்துவந்த மாதிரி வேலை. இந்த வேலைகளுக்காகவே நான் இந்தச் சின்னக் கப்பல்களை மதிக்கிறேன். ஏவுகணையைப் பார்த்துத்தான் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். கப்பல் உழைக்கிற உழைப்பு அதில் தெரியாது.

ஓய்வுக்கு அப்புறம் என்ன என்று கேட்டீர்கள். சிலவற்றை உடைக்க விற்பார்கள், சிலவற்றைப் பயிற்சியில் சுட்டுப் பார்க்க இலக்காக வைப்பார்கள். குக்ரிக்கு நல்ல இடம் கிடைத்தது, டையூ. அது ஏன் டையூ என்பதை அந்தப் பக்கம் போனவர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். எனக்குத் தெரியும், ஆனால் நேரில் போனதில்லை.

---

குமரிக் கடலோடி:

அண்ணாச்சி எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் ஆழ்கடல் தொழிலுக்குக் குஜராத் பக்கம் வரைக்கும் போகிறவர்கள். டையூவுக்குக் கரை வழியாகப் போயிருக்கிறேன்.

கடலைப் பார்த்த மாதிரி ஒரு மேட்டில் நினைவிடம் இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கப்பல் மாதிரி. அது இந்தக் குக்ரி கிடையாது, இதற்கு முந்தைய குக்ரி. இங்கிலாந்தில் கட்டி 1958இல் கடற்படையில் சேர்ந்த ஃப்ரிகேட். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால், பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி அடித்த டார்பிடோவில் சில நிமிஷங்களில் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவே இல்லை, கப்பலோடு போனார். அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள்.

அந்தக் குக்ரி ஓடியது 13 வருஷம்தான். 1989இல் அதே பெயரை இந்த நாகைத் தம்பி கேட்கிற கப்பலுக்கு வைத்தார்கள். பணியில் சேர்க்கிற விழாவுக்குக் கேப்டன் முல்லாவின் மனைவி வந்திருந்தார். ஓய்வு கொடுத்த பிறகு 2022 ஜனவரி 26இல் டையூ நிர்வாகத்திடம் ஒப்படைத்தார்கள், அருங்காட்சியகமாக வைக்க.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் குக்ரி அடிபட்ட இரவில் கூட வந்த கப்பலின் பெயரும் கிர்பான்தான். அது தப்பித்தது. அண்ணாச்சி சொல்கிற, வியட்நாம் போன கிர்பான் அந்தப் பெயரைத் தாங்கிய அடுத்த கப்பல். 176 மாலுமிகள் என்பதை அந்த மேட்டில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டு நினைத்தால் நெஞ்சு கனத்துவிடும். கடலில் போன எங்கள் ஊர் ஆட்களையும் சேர்த்துத்தான் அங்கே நான் கும்பிட்டேன்.

---

நாகை விசைப்படகு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பில்ஜ் விஷயம் படித்துவிட்டு எங்கள் படகில் ஐஸ் அறைக்குக் கீழே இன்றைக்கே பலகையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஐயா, ஒரு கேள்வி மட்டும். 25 நாட் வேகம் போகிற கப்பல் மூன்று படகை இழுக்க 30 மணி நேரம் ஏன் ஆயிற்று? எங்களில் சிலர் அப்போதே கேட்டார்கள், ஆட்களை ஏற்றிக்கொண்டு வேகமாக வந்திருக்கலாமே என்று. படகை விட மனசு வராது என்பது எங்களுக்குத் தெரியும். கடற்படைப் பக்கம் அதை எப்படிப் பார்ப்பார்கள்?

---

முன்னாள் ஈ.ஆர்.ஏ., தூத்துக்குடி:

குமரிக்காரருக்கு நன்றி. பயிற்சிக் காலத்தில் எங்கள் இன்ஸ்ட்ரக்டர்கள் 1971 குக்ரியைப் பற்றிப் பேசினால் வகுப்பில் சத்தமே இருக்காது.

தம்பி, நீங்கள் கொடுத்த எண்ணிலேயே பதில் இருக்கிறது. 130 கடல் மைல், 30 மணி நேரம். மணிக்கு 4 கடல் மைலுக்குக் கொஞ்சம் மேல். நடுக்கடலில் மூன்று மீன்பிடிப் படகை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி இழுக்க அதுதான் சரியான வேகம். அதற்கு மேல் போனால் பின்னால் வருகிற படகின் மூக்கு அலைக்குள் குத்தும். கயிறு கட்டியிருக்கிற இடம் பிய்ந்து வரும். உங்கள் படகில் கயிறு கட்டுகிற கட்டை துறைமுகத்தில் நிற்பதற்காக வைத்தது, இவ்வளவு நேரம் இழுபடுவதற்காக வைத்ததல்ல. மூன்றாவது படகு இழுபடும் பாரமெல்லாம் முதல் படகின் கட்டையில் வந்து விழும். அறுந்த கயிறு திரும்பி அடித்தால் ஆள் பிழைக்க மாட்டான். அதனால் கயிற்றைப் போதிய நீளத்துக்கு விட்டு, அது நடுவில் தொய்ந்து தண்ணீருக்குள் இறங்கி ஏறுகிற மாதிரி வைத்துத்தான் இழுக்க வேண்டும். பின் டெக்கில் ஒரு ஆள் ராப்பகல் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

என்ஜின் ரூமில் இதைவிடச் சிரமம். அந்த டீசல்கள் வேகமாகப் போகச் செய்தவை. மணிக்கு நான்கு கடல் மைலில் ஓட்டினால் என்ஜினுக்கு வேலையே இருக்காது, போதுமான சூடு ஏறாது, எரிபொருள் முழுசாக எரியாமல் எக்ஸாஸ்டில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். இப்படி 30 மணி நேரம் என்றால் கேஜைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நிற்க வேண்டும். துறைமுகம் வந்ததும் கழற்றிச் சுத்தம் செய்ய வேலை இருக்கும். கஞ்சரின் என்ஜின் ரூம் ஆட்கள் அந்த 30 மணி நேரத்தை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு என் வணக்கம்.

ஆட்களை மட்டும் ஏற்றி வரலாமே என்றால், உயிருக்கு ஆபத்து என்றால் அதைத்தான் முதலில் செய்வார்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் படகு மிதக்கிறது, ஆட்கள் தெம்பாக இருக்கிறார்கள் என்றால், அந்தப் படகை விட்டுவிட்டு வந்தால் கரையில் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்பது மாலுமிகளுக்கும் தெரியும். கடலோரத்திலிருந்து வந்த பையன்கள் ஒவ்வொரு கப்பலிலும் இருக்கிறார்கள். ஆளில்லாத படகை நடுக்கடலில் மிதக்க விடுவது ராத்திரியில் வருகிற மற்றக் கப்பல்களுக்கும் ஆபத்து.

---

வடசென்னை வெல்டர்:

நான் கப்பல் கட்டும் தளங்களில் தகடு வேலை செய்கிறவன். ஐயா சொன்ன பில்ஜ் விஷயத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன்.

டாக்கில் ஏறியதும் அல்ட்ராசானிக் கருவியை வைத்துத் தகட்டின் கனத்தை அளப்பார்கள். ஒரு புள்ளியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கிரீஸ் மாதிரி ஒரு ஜெல் தடவி, கருவி முனையை வைத்தால் கனம் மில்லிமீட்டரில் வரும். அந்த எண்ணைச் சாக்பீஸால் அங்கேயே எழுதிக்கொண்டு போவார்கள். கப்பல் பக்கவாட்டு முழுக்க எண்ணாக இருக்கும். 8 இருக்க வேண்டிய இடத்தில் 6 வந்தால் எங்களுக்கு வேலை வந்துவிட்டது என்று தெரியும். பொதுவாக நான்கில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்த தகட்டை விட்டுவைக்க மாட்டார்கள். ஆனால் பழைய தகட்டோடு புதுத் தகட்டை ஒட்டுவது அத்தனை சுலபம் இல்லை. பழசின் விளிம்பு மெலிசாக இருக்கும், ஆர்க் கொஞ்சம் கூடினால் எரிந்து ஓட்டை விழும். நல்ல தகடு கிடைக்கிற வரைக்கும் வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு அடி என்று ஆரம்பித்த வேலை நான்கு அடியில் நிற்கும். இப்படிப் போகும்போது செலவு எங்கே முடியும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

புதுக் கப்பல்கள் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். நம் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி தளத்தில், கார்டன் ரீச்சோடு சேர்ந்து கட்டிய ஐ.என்.எஸ். அர்னாலா 2025 ஜூன் 18இல் விசாகப்பட்டினத்தில் பணியில் சேர்ந்தது. 77 மீட்டர், 1,490 டன் அளவு, கரையோரத்து ஆழம் குறைந்த கடலில் நீர்மூழ்கியைத் தேடுகிற வேலைக்கு. ப்ரொப்பெல்லர் கிடையாது, தண்ணீரை உள்ளே இழுத்துப் பின்னால் பீய்ச்சிக் கப்பலைத் தள்ளுகிற வாட்டர்ஜெட். டீசலும் வாட்டர்ஜெட்டும் சேர்ந்து ஓடுகிற நம் கடற்படைக் கப்பல்களில் இதுதான் பெரியது. இதுவும் பழைய கப்பல் ஒன்றின் பெயரை வைத்த கப்பல்தான். பழைய அர்னாலா சோவியத்திலிருந்து வந்தது, 1972இலிருந்து 1999 வரை ஓடியது. ஐயா குக்ரி வகையைச் சொன்னாரே, அது அந்தப் பழைய அர்னாலா வகைக்குப் பதிலாக வந்ததுதான்.

இந்தப் புதுசு எத்தனை வருஷம் ஓடும் என்று ஐயா நினைக்கிறீர்கள்?

---

முன்னாள் ஈ.ஆர்.ஏ., தூத்துக்குடி:

வெல்டர் தம்பி, சாக்பீஸ் எண்களைச் சொன்னதும் டாக் யார்டு அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. உங்கள் கையால் வைத்த தகட்டை நம்பித்தான் நாங்கள் கீழே படுத்துத் தூங்கினோம்.

பழைய அர்னாலா வகை உழைத்த கப்பல்கள். அதில் ஒன்று, ஐ.என்.எஸ். அந்தமான், 1990இல் வங்கக் கடலில் மூழ்கியது, ஆட்களும் போனார்கள். சின்னக் கப்பலின் வயதைப் பற்றிப் பேசும்போது நான் எடையையும் பில்ஜையும் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் தலைமுறை என்ஜின் ரூம் ஆட்கள் யாரும் அந்தப் பெயரை மறக்கவில்லை.

புதுசு எத்தனை வருஷம் ஓடும் என்றால், 25 வருஷம் சுலபமாக ஓடும், கவனித்தால் 30. வாட்டர்ஜெட்டில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் ஓடும்போது மண்ணும் கயிறும் பிளாஸ்டிக்கும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் கரையோரத்தில் கிழிந்த வலை எவ்வளவு மிதக்கிறது என்று நாகைத் தம்பிக்குத் தெரியும். அறுந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். அந்தக் கப்பல் ஒருநாள் உங்களைத் தேடித்தான் வர வேண்டியிருக்கும்.

வெல்டர் தம்பி, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனிக் கட்டுகிற கப்பல்களில், வரைபடம் போடுகிறவர்களிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், பம்புகளுக்கு அடியில் ஒரு ஆள் கம்பி பிரஷோடு கை நீட்ட ஒரு முழமாவது இடம் விடச் சொல்லுங்கள். அங்கே ஒரு விளக்கும் வைக்கச் சொல்லுங்கள். தரைத் தகடுகளைத் திருகாணி போட்டு இறுக்காமல் தூக்கி எடுக்கிற மாதிரி வைத்தால் இன்னும் நல்லது. பையன்கள் வாரா வாரம் பார்ப்பார்கள்.